முதல் வாரத்திலேயே பிள்ளைகளைக் கணித்துவிடுவது அனுபவமா, முன்முடிவா?

விளவங்கோடு பக்கம் ஒரு பள்ளியில் பதினோரு வருடமாகப் பாடம் எடுக்கிற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே எந்தப் பிள்ளை படிக்கும், எது படிக்காது, எது தொல்லை கொடுக்கும் என்று தனக்குத் தெரிந்துவிடுகிறதாம். பத்தில் எட்டு சரியாகவே வருகிறதாம். புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியை ஒருவர் இதை முன்முடிவு என்கிறாராம். இது அனுபவமா, முன்முடிவா என்பது கேள்வி. இதற்கு உள்ளே இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: நான் சரியாகக் கணிக்கிறேனா, இல்லை நான் கணித்தபடி பிள்ளை ஆகிவிடுகிறதா? வகுப்பறைக்குள் நின்றுகொண்டு இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது ரொம்பக் கடினம். அதை நீங்கள் கேட்டதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

நான் உளவியல் படித்தவள். நாகர்கோவிலில் இருந்துகொண்டு இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்கிறேன். ஆராய்ச்சியாளர் இல்லை. ஆராய்ச்சிகளைப் படித்து, அவற்றைத் தக்கலையிலும் கருங்கலிலும் குலசேகரத்திலும் நான் பார்க்கிற பிள்ளைகளோடு வைத்துப் பார்க்கிறவள், அவ்வளவே. உங்கள் வகுப்பை நான் பார்த்ததில்லை, அதனால் உங்கள் பத்தில் எட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்த எட்டை எப்படி எண்ணுகிறீர்கள் என்பதைப் பற்றிச் சொல்ல முடியும்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. சட்டென்று கணிப்பது யாருடைய குற்றமும் இல்லை, மனம் அப்படித்தான் வேலை செய்கிறது. 2006-இல் ஜேனின் வில்லிஸ், அலெக்சாண்டர் தொடோரோவ் என்ற இருவர், முன்பின் அறியாத முகங்களை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, இவர் நம்பத் தகுந்தவரா, திறமைசாலியா என்று கேட்டார்கள். நேரக் கட்டுப்பாடு இல்லாமல் பார்த்தவர்கள் சொன்னதோடு அந்தப் பதில்கள் பெரும்பாலும் ஒத்துப்போயின. கூடுதல் நேரம் கொடுத்தபோது முக்கியமாக வளர்ந்தது அவரவர் முடிவின் மேல் அவரவருக்கு இருந்த நம்பிக்கைதான். முடிவு அவ்வளவாக மாறவில்லை. நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது ஆசிரியரின் மனம் குறுக்குவழி தேடாமல் இருக்கவே முடியாது. ஆக, உங்களுக்குத் தோன்றுவதைத் தோன்றாமல் செய்ய முயற்சிக்க வேண்டாம், அது நடக்காது.

நம் ஊரில் இந்தக் குறுக்குவழிக்கு ஒரு பழமொழியே இருக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். சமையலில் இது சரியான அறிவு. பானைக்குள் இருப்பது எல்லாம் ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு. அகப்பையால் கிண்டியும் விட்டிருக்கிறோம். அதனால் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதும். பிள்ளை விஷயத்தில் இது எதுவுமே பொருந்தாது. திங்கட்கிழமை முதல் பீரியடில் கணக்கு வகுப்பில் பார்த்த பிள்ளையும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் பார்த்த பிள்ளையும், வீட்டில் தம்பிக்குச் சோறு ஊட்டுகிற பிள்ளையும் ஒரே ஆள்தான், ஆனால் வேகிற அடுப்பு வேறு வேறு. நீங்கள் நசுக்கிப் பார்த்தது ஒரு அடுப்பில் வெந்த ஒரு பருக்கை.

இதை நான் புத்தகத்தில் மட்டும் கற்கவில்லை. ஒன்பது வருடம் முன்பு, மலையோரப் பகுதியில் ஒரு பள்ளியிலிருந்து எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பார்க்கச் சொன்னார்கள். (யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவனைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு தாள் என் கைக்கு வந்துவிட்டது. "சோம்பேறி. முதல் பீரியடில் தூங்குகிறான். உடம்பு நாறுகிறது, பக்கத்தில் பிள்ளைகள் உட்கார மறுக்கிறார்கள். விளையாட்டுச் சாமான் கொண்டு வருகிறான்." அதைப் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். நான் கேட்ட கேள்விகளைப் பாருங்கள்: ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பாய், போன் பார்ப்பாயா, டிவி எத்தனை மணி வரை ஓடும், காலையில் குளிக்கிறாயா. எல்லாவற்றுக்கும் "ஆமா டீச்சர்", "இல்ல டீச்சர்" என்று மட்டும் வந்தது. அரை மணி நேரம் கழித்து என் நோட்டில் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதினேன். அந்தத் தாளில் இருந்ததோடு என் பங்குக்கு ஒரு வரி சேர்த்தேன், அவ்வளவுதான் அன்று நான் செய்த வேலை.

அடுத்த முறை போனபோது அவன் கை டிரவுசர் பைக்குள்ளேயே இருந்தது. "பையில என்ன மக்களே?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கி எடுத்தான். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பந்து, ரப்பர் மரத்து வெட்டில் காய்ந்து ஒட்டிக் கிடக்கிற ஒட்டுப்பாலை இழுத்து இழுத்துச் சுற்றிச் செய்தது. விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருந்தது. "நீயே செஞ்சியா? எப்படிச் செய்வா?" அந்தக் கேள்விக்குப் பத்து நிமிடம் பேசினான். அப்பா விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். அம்மாதான் ரப்பர் பால் வெட்டப் போகிறாள். விடியற்காலை நாலு மணிக்கு இருட்டில் தனியாகப் போகப் பயம், பன்றி நடமாட்டம் வேறு, அதனால் இவன் டார்ச் பிடிக்கப் போகிறான். அம்மா மரத்தில் கத்தி வைப்பதற்கு முன்பு, முந்தைய வெட்டில் காய்ந்து கிடக்கிற பாலையும் சிரட்டைக்குள் உறைந்து கிடப்பதையும் இவன் உரித்துச் சாக்கில் போட வேண்டும். ஒட்டுப்பால் நாற்றம் சோப்புப் போட்டாலும் லேசில் போகாது, ரப்பர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். அவன் தினமும் குளித்துவிட்டுத்தான் பள்ளிக்கு வந்திருக்கிறான்.

அந்தத் தாளை இப்போது திரும்ப நினைத்துப் பார்த்தால், அதில் பொய் எதுவும் இல்லை. தூங்கியது உண்மை, நாற்றம் உண்மை, பந்து கொண்டு வந்தது உண்மை. முதல் சொல் மட்டும் தப்பு. அந்த முதல் சொல் மற்ற மூன்றுக்கும் அர்த்தம் கொடுத்துவிட்டது. சாலமன் ஆஷ் 1946-இல் இதைச் சோதித்துக் காட்டினார். ஒரு ஆளைப் பற்றி ஆறு சொற்கள்: புத்திசாலி, உழைப்பாளி, அவசரக்காரர், குறை காண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். ஒரு குழுவுக்கு இந்த வரிசையில் படித்தார், இன்னொரு குழுவுக்குத் தலைகீழாக. ஆறு சொல்லும் அதேதான். ஆனால் 'புத்திசாலி' என்று தொடங்கிக் கேட்டவர்கள், குறைகள் இருந்தாலும் திறமையான ஆள் என்றார்கள். 'பொறாமைக்காரர்' என்று தொடங்கிக் கேட்டவர்களுக்கு அவர் ஒரு சிக்கலான ஆளாகத் தெரிந்தார். முதலில் விழுந்த சொல், பின்னால் வருகிற சொற்களை எப்படிப் புரிந்துகொள்வது என்று தீர்மானித்தது. ஆசிரியர் அறையில் "அந்த எட்டு பி பையனா? ஐயோ" என்று ஒருவர் சொல்லி முடித்த பிறகு, அந்த வகுப்புக்குள் நுழைகிற நீங்கள் எந்தச் சொல்லோடு நுழைகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நல்ல பக்கமாகவும் இதே தப்பு நடக்கும். எட்வர்ட் தார்ண்டைக் 1920-இலேயே, ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழிருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பீடுகளைப் பார்த்துவிட்டு இதைச் சொன்னார். உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் எல்லாவற்றையும் தனித்தனியாக மதிப்பிடச் சொல்லியும், ஒன்றில் உயர்ந்தவருக்கு எல்லாவற்றிலும் உயர்வாகவே போட்டிருந்தார்கள். நம் பள்ளிகளில் அழகான கையெழுத்து இந்த வேலையைச் செய்கிறது. கையெழுத்து நன்றாக இருந்தால் பிள்ளை ஒழுக்கமானது, வீடு நல்ல வீடு, பொய் சொல்லாது. தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தால் இன்னும் இரண்டு மார்க்.

சரி, என் தப்புக்கு வருகிறேன். தாளைப் படித்ததில் குற்றம் இல்லை. அதன் பிறகு நான் கேட்ட கேள்விகள்தான் குற்றம். எனக்கு ஏற்கெனவே தெரிந்ததாக நினைத்ததை உறுதி செய்கிற கேள்விகளை மட்டும் கேட்டேன். 1983-இல் ஜான் டார்லியும் பேஜெட் கிராஸும் அமெரிக்காவில் செய்த ஒரு ஆய்வு இந்த இடத்தை நன்றாகத் தொடுகிறது. நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் வீடியோ. சிலருக்கு அவள் வசதியான பகுதியில் வாழ்வதாகக் காட்டினார்கள், சிலருக்கு ஏழ்மையான பகுதியில். இதை மட்டும் பார்த்தவர்கள், அவள் எந்த அளவு படிப்பாள் என்று கேட்டபோது நிதானமாகவே பதில் சொன்னார்கள், இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மற்றவர்களுக்கு அவள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிற ஒரே வீடியோவைக் கூடுதலாகக் காட்டினார்கள். அதில் அவள் சிலதற்குச் சரியாகவும் சிலதற்குத் தப்பாகவும் சொல்கிறாள். இப்போது பிரிந்துவிட்டார்கள். வசதியான வீடு என்று நினைத்தவர்களுக்கு அவள் வகுப்பைவிட மேலே, ஏழை வீடு என்று நினைத்தவர்களுக்குக் கீழே. வெறும் சந்தேகமாக இருந்தவரை அடங்கியிருந்தது, கண்ணால் பார்த்தேன் என்ற நிலை வந்ததும் துணிந்துவிட்டது. "நான் யாரையும் வீட்டை வைத்துப் பார்க்க மாட்டேன், படிப்பை வைத்துத்தான் பார்ப்பேன்" என்று சொல்கிற நல்ல ஆசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தப் படிப்பைப் பார்க்கிற கண்ணுக்குள் வீடு ஏற்கெனவே போய் உட்கார்ந்திருக்கிறது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த விஷயம் கூடுதல் கனமானது. "நீ யாருக்க பிள்ள? எந்த ஊரு?" என்ற இரண்டு கேள்வியில், கடற்கரையா மலையோரமா, கோவிலா சர்ச்சா, என்ன சாதி என்று பாதி தெரிந்துவிடும். பேச்சில் தண்ணீரை 'வெள்ளம்' என்றால் மேற்கே என்று தெரிந்துவிடும். நாகர்கோவில் பள்ளியில் அப்படிப் பேசுகிற பிள்ளைக்கு 'மலையாளத்தான்' என்று பெயர் விழும், 1956-இல் தாய்த்தமிழகத்தோடு இணைந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்கு! இந்த அடையாளங்கள் தானாக முளைத்தவை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல அடையாளங்கள் திட்டமிட்டு மனிதர்கள் மேல் போடப்பட்டவை. திருவிதாங்கூர் ஆட்சியில் இன்னின்ன சாதிப் பெண்கள் தோளை மறைக்கக் கூடாது என்றிருந்தது, ஒருத்தியைப் பார்த்தவுடனே எங்கே நிற்க வைப்பது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நடந்து, 1859 ஜூலை 26 அன்று மகாராஜா நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதித்தார். அப்போதும், உயர்சாதிப் பெண்கள் அணிகிற விதத்தில் அணியக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. உடம்பை மறைப்பதை ஒத்துக்கொண்டார்கள், அடையாளம் அழிவதை ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு முன்பே, அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர், தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த தலைப்பாகையைக் கட்டச் சொன்னார், இன்றும் சாமித்தோப்பில் இருக்கிற அவர் பதிக்குள், அதாவது வழிபாட்டு இடத்துக்குள், ஆண்கள் தலைப்பாகையோடுதான் போகிறார்கள். என் பாட்டியின் பாட்டி காலத்துக் கதை இது, ரொம்ப தூரம் இல்லை. ஒரு பிள்ளையின் ஊர்ப்பெயரைக் கேட்டதும் மனதில் தோன்றுகிற முதல் படம் எங்கிருந்து வந்தது என்று நான் என்னையே கேட்டுக்கொள்வது இதனால்தான்.

இந்தப் படம் மார்க்கில் இறங்குமா? இறங்கும், ஆனால் பெரிதாக இல்லை என்று ஒரு இந்திய ஆய்வு சொல்கிறது. 2012-இல் ரேமா ஹன்னா, லீ லிண்டன் வெளியிட்டது. பிள்ளைகளின் விடைத்தாள்களின் முகப்பில் சாதியைக் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்ந்த சாதி என்று எழுதியிருந்த தாள்களுக்கு மார்க் கொஞ்சம் குறைந்தது. இரண்டு விஷயம் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. ஒன்று, ஒரு கட்டுத் தாள்களில் முதலில் திருத்தியவற்றில் இது கூடுதலாக இருந்தது, அதாவது அளவுகோல் மனதில் உறுதிப்படாத நேரத்தில். இன்னொன்று, தாழ்த்தப்பட்ட பிரிவைச் சேர்ந்த ஆசிரியர்கள் திருத்தியதிலேயே இது அதிகம் தெரிந்தது. காயப்பட்டவர்களின் மனதிலும் அதே சட்டகம் இருக்கிறது. அதனால், "எனக்கு யார் மேலும் வெறுப்பு இல்லை" என்பது இங்கே போதுமான பதில் ஆகாது.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அனுபவம் என்பதும் உண்மையான பொருள்தான். உள்ளுணர்வை நம்பாதே என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர் டேனியல் கானெமன், தீயணைப்பு வீரர்களின் உள்ளுணர்வைப் பக்கத்திலிருந்து பார்த்து அதை மதித்தவர் கேரி கிளைன். இருவரும் சேர்ந்து 2009-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் ஒத்துப்போன இடம் இது: பார்க்கிற விஷயத்தில் ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும், கணித்தது சரியா தப்பா என்று சீக்கிரமே தெளிவாகத் தெரிய வேண்டும், இந்த இரண்டும் இருந்தால் அனுபவசாலியின் உள்ளுணர்வை நம்பலாம். மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் வாங்குகிற வியாபாரி ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு நொடியில் தரம் சொல்வார். அது அனுபவம். தப்பாகச் சொன்னால் அடுத்த இடத்தில் விற்கும்போது காசு போகும், அதனால் திருத்திக்கொள்கிறார். இதைவிட முக்கியம், அவர் நாலாம் தரம் என்று சொன்னதைக் கேட்டு ஷீட் நாலாம் தரமாக மாறுவதில்லை. பிள்ளைக்குக் காது இருக்கிறது. நீங்கள் யாரிடம் கேள்வி கேட்கிறீர்கள், பதில் வர எத்தனை நொடி காத்திருக்கிறீர்கள், யாரைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்புகிறீர்கள் என்பதிலிருந்து அது தன் தரத்தைத் தெரிந்துகொள்கிறது. அப்புறம் மார்ச் மாதம் நீங்கள் சொன்னபடியே இருக்கிறது.

இங்கே கவனமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இதை மிகைப்படுத்திச் சொல்கிறவர்கள் நிறைய. 1968-இல் ராபர்ட் ரோசன்தாலும் லெனோர் ஜேக்கப்சனும், ஆசிரியரின் எதிர்பார்ப்பே பிள்ளையின் அறிவுத்திறனை உயர்த்தும் என்று சொன்னார்கள். மேடைப் பேச்சுகளில் இன்றும் அதுதான் ஓடுகிறது. அந்த ஆய்வின் முறையைப் பற்றிக் கடுமையான விமர்சனங்கள் வந்தன, உயர்வு தெரிந்ததும் முக்கியமாகச் சின்ன வகுப்புகளில்தான். பிறகு வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், விளைவு உண்டு, ஆனால் பொதுவாகச் சிறியது. ஆசிரியர் கணிப்பும் பிள்ளையின் மார்க்கும் ஒத்துப்போவதற்குப் பெரிய காரணம், ஆசிரியர்கள் பல நேரம் சரியாகவே பார்க்கிறார்கள் என்பதே. இது உங்களுக்குச் சாதகமான செய்தி. ஆனால் அந்தச் சிறிய விளைவு எல்லாப் பிள்ளைகள் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. ஏழைப் பிள்ளைகளிடமும் ஏற்கெனவே தாழ்வாகப் பார்க்கப்படுகிற பிள்ளைகளிடமும் அது கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. உங்கள் தப்பான இரண்டு யார் யார் என்று பாருங்கள். அந்த இரண்டு பேரும் ஒரே பக்கத்திலிருந்து வருகிறார்களா என்பதுதான் எனக்குக் கவலை. ஒரு நாள் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து எழுந்தால் இதெல்லாம் சரியாகிவிடும் என்பதற்கும் நல்ல ஆதாரம் இல்லை. அப்படிப்பட்ட வகுப்புகளை நானே எடுத்திருக்கிறேன், அதனால் இதைச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

செய்யக்கூடியவை என்று எனக்கு நம்பிக்கை இருப்பவை சின்னச் சின்ன வேலைகள். வகுப்புத் தேர்வுத் தாள்களைப் பெயர் தெரியாமல் மடித்து வைத்துத் திருத்துங்கள், பொதுத்தேர்வில் அதற்காகத்தானே முகப்புத் தாளைப் பிரித்தெடுக்கிறார்கள். எல்லாருடைய முதல் கேள்வியையும் திருத்திவிட்டு இரண்டாம் கேள்விக்குப் போங்கள். கானெமன் தானே மாணவர் தாள்களை இப்படித் திருத்தத் தொடங்கியபோது, ஒரே மாணவரின் இரண்டு விடைகளுக்கு நடுவே எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்று கண்டு திகைத்திருக்கிறார். உள்ளுணர்வைத் தூக்கிப் போடவும் வேண்டாம். கானெமன் இருபத்தொரு வயதில் இஸ்ரேல் ராணுவத்தில் ஆள் தேர்வுக்கு ஒரு முறை வகுத்தார்: ஆறு பண்புகளுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போடு, எல்லாம் முடிந்த பிறகு கண்ணை மூடி உன் மனதில் தோன்றுவதைச் சொல். கடைசியில் சொன்ன அந்த உள்ளுணர்வும் நன்றாகவே வேலை செய்தது. முதலில் வந்திருந்தால் கெடுத்திருக்கும்.

எழுதும்போது ஆளுக்குப் பெயர் வைக்காமல் நடந்ததை எழுதுங்கள். 'சோம்பேறி' என்றால் கதவு சாத்தியாயிற்று. 'இந்த வாரம் மூன்று நாள் முதல் பீரியடில் தூங்கினான், மூன்றாம் பீரியடில் விழித்திருந்தான்' என்று எழுதினால், ஏன் என்று கேட்க ஒரு இடம் திறந்திருக்கும். அந்தப் பையனின் பள்ளியில் இந்த ஒன்றைத்தான் மாற்றினோம். அற்புதம் எதுவும் நடக்கவில்லை. அவன் அம்மா வேறு வேலை கிடைக்கும்வரை நாலு மணிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள், அவனும் போனான். முதல் பீரியடில் அவனை எழுப்பாமல் விட்டு, சாயங்காலம் ஒரு ஆசிரியர் அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தார். கணக்கில் அவன் முன்பும் சுமார், பிறகும் சுமார். பத்தாம் வகுப்பு தேறினான்.

உங்கள் பத்தில் எட்டுக்கு ஒரு வழி சொல்கிறேன். வருகிற ஜூனில் முதல் வாரம் முடிந்ததும், வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உங்கள் கணிப்பை எழுதுங்கள், ஒருவரையும் விடாமல். நினைவில் நிற்கிற பிள்ளைகளை மட்டும் எண்ணினால் எட்டு எப்போதும் எட்டாகத்தான் வரும். அந்தப் புதிய ஆசிரியையையும் தனியாக ஒரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் உறையில் ஒட்டி வையுங்கள். காலாண்டுத் தேர்வுக்கு முன்பு இரண்டையும் பிரியுங்கள். இரண்டு பட்டியலும் ஒத்துப்போகாத பிள்ளைகள் நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்கள் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து போய்வாருங்கள்.